ஒரே ரெகுலேட்டர், இரண்டு அடுப்பு

ஒரு அடுப்பில் பால் பொங்குகிறது, பக்கத்து அடுப்பில் சோறு வேகிறது. பதற்றத்தில் சிலிண்டர் ரெகுலேட்டரையே மூடிவிட்டால் பால் அடங்கிவிடும். சோறும் அரைவேக்காட்டில் நின்றுவிடும். மூட்டுத் தேய்மானத்துக்குத் தரும் அசிக்ளோபினாக், டைக்ளோபினாக் மாத்திரைகளின் வேலை ஏறக்குறைய இதுதான்.

முழங்காலில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் பொருள் புரோஸ்டாகிளாண்டின். இரைப்பைச் சுவரை அமிலம் அரிக்காதபடி வழவழப்பான படலத்தைச் சுரக்க வைப்பதும் அதே பொருள்தான். ஆஸ்பிரின் வகை மருந்துகள் இதன் உற்பத்தியைத் தடுப்பதை 1971இல் கண்டுசொன்ன ஜான் வேன், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகிறது. அதனால் சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் வயிறு முழுக்கத் தப்பிவிடாது. வயதானவர்களுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையையும் டாக்டர் சேர்த்து எழுதுவது இதற்காகத்தான். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் இன்னும் கூடுதல். மலம் தார் போலக் கறுத்துப் போனால் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி கூட்டு மாத்திரை. உப்புக் கலந்தே வரும் கடைப் பொடியைப் போட்டு ரசம் வைத்து, வழக்கம்போல உப்பும் போட்டால் என்ன ஆகும்? என் அம்மாவின் மருந்து டப்பாவில் அதைத்தான் பார்த்தேன். மூட்டு வலி ஸ்ட்ரிப்பின் பின்னால், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டே படிக்க முடிகிற எழுத்தில், அசிக்ளோபினாக் 100 மி.கி., பாரசிட்டமால் 325 மி.கி. தினம் இரண்டு. கூடவே ட்ரமடாலும் பாரசிட்டமாலும் சேர்ந்த இன்னொரு மாத்திரை, அதிலும் 325, தினம் மூன்று. அந்த வாரம் காய்ச்சல் வேறு. 650 மாத்திரை மூன்று வேளை. கூட்டினால் ஒரே நாளில் 3,575 மி.கி. பாரசிட்டமால்! நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே 4,000தான் உச்சவரம்பு. மெலிந்த முதியவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவாகத்தான் கொடுப்பார்கள். அசிக்ளோபினாக்கோ இரண்டு மாத்திரையிலேயே நாளின் எல்லையான 200ஐத் தொட்டுவிடுகிறது. வலி தாங்கவில்லை என்று மூன்றாவது போட இடமே இல்லை. பல்வலிக்கு வேறொரு டாக்டர் டைக்ளோபினாக் எழுதினால் அதுவும் இதே வகை, பெயர்தான் வேறு.

சிறுநீரகத்துக்கு வருவோம். காபி பில்டரில் மேலிருந்து வெந்நீர் ஊற்றினால்தான் டிகாஷன் இறங்கும். வலி மாத்திரை சிறுநீரகத்துக்கான ரத்த வரத்தைச் சுருக்குகிறது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான் சாப்பிட்டால் பில்டருக்குள் அழுத்தம் தளர்கிறது. நீர் பிரியும் மாத்திரையும் இருந்தால் பாத்திரத்தில் தண்ணீரே குறைகிறது. மூன்றும் சேரும் நாளில் வாந்தி, பேதியும் வந்தால் சிறுநீரகம் திணறிப்போகும். அன்றைக்கு வலி மாத்திரையைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரை அழைத்துப் பேசுங்கள்.

அடுத்த முறை அம்மாவை அழைத்துப் போனபோது, சீட்டோடு டப்பாவையும் எடுத்துப்போய் மேசையில் கவிழ்த்தேன். டாக்டர் ஒவ்வொரு ஸ்ட்ரிப்பாகத் திருப்பிப் படித்து, இரண்டை எடுத்து ஒதுக்கினார். முழங்காலில் தடவ டைக்ளோபினாக் ஜெல் எழுதினார். அதில் ரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம்.