பழைய பள்ளிக் கட்டடங்களைப் பாதுகாத்தல்

பழைய பள்ளிக் கட்டடங்களைப் பாதுகாத்தல் என்பது, நெடுங்காலமாகப் பள்ளியாக இயங்கிவரும் கட்டடத்தை இடிக்காமல் பழுதுபார்த்துப் பயன்பாட்டில் வைத்திருப்பதையும், அதே வளாகத்தில் புதிய வகுப்பறைகளுக்கு இடம் காண்பதையும் சேர்த்துக் குறிக்கும். தமிழ்நாட்டில் கோயில், கோட்டை, அரண்மனை ஆகியவற்றின் பாதுகாப்பைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. பள்ளிக்கூடம் அந்த வரிசையில் இடம்பெறுவது அரிது. ஆனால் பல சிற்றூர்களில் கோயிலுக்கு அடுத்தபடியாக மிகப் பழைய பொதுக்கட்டடம் பள்ளிக்கூடம்தான். ஒரு பழைய பள்ளி நிற்குமா விழுமா என்பதைப் பெரும்பாலும் அதன் வயது முடிவு செய்வதில்லை. அதைச் சோதிப்பவருக்குச் சுண்ணாம்பும் மரமும் தெரியுமா என்பதே முடிவு செய்கிறது.

பள்ளிகள் எழுந்த விதம்

கிறித்தவ மிஷன்கள் தொடங்கிய பள்ளிகள் சில. ஊர்ச் செல்வந்தர்களும் அறக்கட்டளைகளும் நிறுவியவை சில. மற்றவை நகராட்சிகளும் ஜில்லா போர்டுகளும் ஏற்படுத்தியவை. ‘போர்டு ஸ்கூல்’ என்ற பெயர் முதியவர்களின் பேச்சில் இன்றும் வருகிறது. 1864ஆம் ஆண்டு தொடங்கிய கும்பகோணம் நகர மேல்நிலைப் பள்ளி இன்றும் இயங்குகிறது. கணித மேதை இராமானுசன் படித்த பள்ளி அது.

1950களின் பிற்பகுதியில் காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. அரசின் பணத்துக்காகக் காத்திராமல் ஊர்மக்களே நிலம், வகுப்பறை, பெஞ்சு, கரும்பலகை எனத் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். பள்ளிச் சுவர்களில் ‘இவ்வறை இன்னார் நினைவாக இன்னாரால் கட்டப்பட்டது’ என்று பதித்த கற்களுக்கு இத்தகைய கொடைகளே காரணம். அந்தக் கல் அலங்காரம் அன்று. ஒரு சிற்றூரில் யார் யார் கல்விக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதற்குப் பல நேரங்களில் எஞ்சியிருக்கும் ஒரே சான்று அதுதான்.

கட்டடம் யாருடையது என்பதும் முக்கியம். தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் பல ஊராட்சி ஒன்றியத்துக்கு உரியவை. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் கட்டடங்களைப் பொதுப்பணித் துறை கவனிக்கிறது. உதவிபெறும் பள்ளிகளின் கட்டடம் நிர்வாகத்துக்குச் சொந்தம். ஆகவே ஒரே ஊரில் இரண்டு பழைய பள்ளிகள் இருந்தாலும் அவற்றைப் பற்றி முடிவெடுக்கும் அலுவலகம் வேறுவேறாக இருக்கலாம்.

கட்டுமான முறை

சிமெண்ட் பரவலாவதற்கு முன் கட்டிய பள்ளிகளின் சுவர் செங்கல்லையோ கருங்கல்லையோ சுண்ணாம்புச் சாந்தில் வைத்து எழுப்பியது. சுவர் தடிமனாகவும் சன்னல் உயரமாகவும் இருக்கும். முன்னால் தாழ்வாரம் ஓடும். மின்விசிறி இல்லாத காலத்து வகுப்பறைக்கு வெயிலைத் தடுத்தது இந்தத் தாழ்வாரமே.

கூரை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று ஓட்டுக் கூரை. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் மங்களூர் ஓடு தென்னிந்தியப் பொதுக்கட்டடங்களில் நாட்டு ஓட்டின் இடத்தைப் பிடித்தது. மற்றொன்று மெட்ராஸ் டெரஸ் என்னும் மட்டத்தளம். தேக்கு உத்திரங்களின்மேல் கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்கோட்டில் நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள். இரும்புக் கம்பி எதுவும் இல்லாத தளம் இது. கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் பெயரும் சிக்கலும் ஆகவே இதில் இல்லை.

பழுது எவ்வாறு தொடங்குகிறது

இத்தகைய கட்டடத்தின் முதல் எதிரி நீர். ஓடு ஒன்று நகர்ந்து அல்லது தளத்தின் நீர்க்குழாய் இலையால் அடைத்து, மழைநீர் சுவருக்குள் இறங்கும். உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரம் தங்கும். அங்கே மரம் மட்கும், கறையான் ஏறும். நடுப்பகுதி கல்போல் உறுதியாக இருக்கும்போதே முனை மாவாகிவிடும். கீழிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசஞ்செடி இரண்டாவது எதிரி. அதைத் தழையோடு வெட்டினால் வேர் இன்னும் தடிக்கும். வேரோடு எடுத்து, அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும்.

மூன்றாவது கேடு பழுதுபார்ப்பதாலேயே வருகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, உப்போடு சேர்ந்து பூச்சைத் தள்ளும். பூச்சு உதிர்ந்ததும் ‘சுவர் பொரிந்துவிட்டது’ என்று இன்னும் தடிமனாகச் சிமெண்ட் பூசுவது வழக்கம். பத்து ஆண்டில் இரண்டுமுறை இப்படிச் செய்தால், நூறு ஆண்டு நின்ற சுவர் உண்மையிலேயே நோயாளியாகிவிடும். பிறகு ‘பழைய கட்டடம் என்றால் இப்படித்தான்’ என்று பழி வயதின்மேல் விழுகிறது.

சோதிக்கும் முறைகள் எளியவை. உத்திரத்தின் முனையைத் தட்டினால் வரும் ஓசையும், மெல்லிய துரப்பணத்தை இறக்கினால் வெளிவரும் தூளும் மரத்தின் நிலையைச் சொல்லும். விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைப்பது மற்றொரு முறை. மாதங்கள் கழித்தும் கண்ணாடி முழுதாக இருந்தால் அது பழைய, அசையாத விரிசல். உடைந்தால் அடித்தளம் இன்னும் நகர்கிறது என்று பொருள். விரிசல் இருக்கிறதா என்ற கேள்வியைவிட விரிசல் வளர்கிறதா என்ற கேள்வியே பயனுள்ளது.

அச்சமும் இடிப்பும்

பாதுகாப்பு பற்றிய அச்சம் கற்பனையானதன்று. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தனர். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. கட்டட உறுதிச் சான்று, தீத்தடுப்பு ஆகியவற்றின் மீதான கண்டிப்பும் கூடியது. 2021 திசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் பணி விரைவுபடுத்தப்பட்டது.

இவ்விரண்டையும் உற்று நோக்க வேண்டும். முதலில் எரிந்தது கீற்று. இரண்டாவதில் விழுந்தது கழிப்பறைச் சுவர். தடித்த சுண்ணாம்புச் சுவர் கொண்ட பழைய வகுப்பறை இரண்டு துயரத்துக்கும் காரணமன்று. ஆனால் ஒரு விபத்துக்குப்பின் வரும் கணக்கெடுப்பில் ‘பழையது’, ‘பழுதடைந்தது’ என்ற இரண்டு சொற்களும் எளிதில் ஒன்றாகிவிடுகின்றன. சான்றில் கையெழுத்திடும் பொறியாளரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டடம் உறுதியானது என்று எழுதி ஓர் ஓடு விழுந்தாலும் பொறுப்பு அவருடையது. இடிக்கலாம் என்று எழுதினால் எவரும் கேள்வி கேட்பதில்லை. குழந்தைகள் அமரும் இடத்தில் அவர் எச்சரிக்கையின் பக்கம் சாய்வதைக் குறை சொல்ல முடியாது. ஐயம் உள்ள கட்டடத்தை உடனே பூட்டுவது சரியானதே. பூட்டுவதும் இடிப்பதும் ஒன்றல்ல என்பதுதான் இங்கு கவனிக்க வேண்டியது. இரண்டுக்கும் இடையே முறையான ஒரு சோதனைக்கு நேரம் இருக்கிறது.

சட்டத்தின் நிலை

1958ஆம் ஆண்டின் நடுவண் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும், பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டவற்றையே காக்கின்றன. நூறு ஆண்டு கடந்தாலே ஒரு கட்டடத்துக்குத் தானாகப் பாதுகாப்பு வந்துவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். அறிவிப்பு வேண்டும், இயங்கும் பள்ளிகளுக்கு அது கிடைப்பது அரிது.

சின்னமாக அறிவிக்கப்படாத மரபுக் கட்டடங்களின் நிலையைச் சென்னை அண்ணா சாலையிலுள்ள பாரத் இன்சூரன்சு கட்டட வழக்கு மாற்றியது. அதை இடிக்கும் முயற்சியை எதிர்த்து இன்டாக் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. ஆனால் 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை கட்டடங்கள் மறைந்தன என்பதை எண்ணியவர் இல்லை.

இரண்டு வளாகங்கள்

சென்னை மெரினா எதிரே உள்ள இராணி மேரி கல்லூரி 1914இல் கேப்பர் இல்லம் என்ற பழைய மாளிகையில் தொடங்கியது. அது நகரின் முதல் மகளிர் கல்லூரி. 2003இல் அந்த இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு முடிவெடுத்தபோது மாணவிகள் வளாகத்துக்குள்ளேயே அமர்ந்து போராடினர். திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் கல்லூரி பிறந்த கேப்பர் இல்லம் தப்பவில்லை. பராமரிப்பின்றிச் சிதைந்த அது பின்னர் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் 2010இல் கலைஞர் மாளிகை என்ற புதிய கட்டடம் திறக்கப்பட்டது. வளாகத்தைக் காக்கத் திரண்ட கூட்டம் கூரையைக் காக்கத் திரளவில்லை. ஒழுகும் கூரை செய்தியாவதில்லை.

புதுச்சேரி மிஷன் வீதியிலுள்ள கல்வே கல்லூரி வேறு வழியில் சென்றது. பெயர் கல்லூரி என்றாலும் அது அரசு மேல்நிலைப் பள்ளி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்வே சுப்பராய செட்டியாரின் கொடையால் எழுந்தது. பாவேந்தர் பாரதிதாசன் தமிழ் பயின்ற இடம். கட்டடம் பழுதுற்றபின் உலக வங்கி நிதியுதவி பெற்ற திட்டத்தின் கீழ் சீரமைக்கப்பட்டது. இந்த முடிவுக்கு ஒரு பின்னணி உண்டு. 1870–71இல் கட்டப்பட்ட புதுச்சேரி நகர மன்றமான மேரி கட்டடம், பழுதுபார்க்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே அது புதிதாகக் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. தோற்றம் அதேதான். பொருள் புதியது. நகல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது நகல் என்பதைக் கல்வே கல்லூரியின் முன் நின்றபின் மேரியைப் பார்ப்பவர் உணர்வார்.

கட்டடம் தப்பிப் பள்ளி வெளியேறுவதும் உண்டு. சிங்கப்பூரில் 1912இல் கட்டிய தாவ் நான் பள்ளிக் கட்டடம் இன்று பெரனாக்கன் அருங்காட்சியகம். நகர மையத்தில் மாணவர் குறைந்துபோன இடங்களுக்கு இது பொருந்தும். வகுப்பறைப் பற்றாக்குறை உள்ள ஊருக்குப் பொருந்தாது. அங்கே பழைய கட்டடத்தை நூலகமாகவோ ஆய்வகமாகவோ மாற்றி, புதிய வகுப்பறைகளை அதன் பின்புறம் கட்டுவது நடைமுறைக்கு ஏற்றது. இடம் போதாத சிறு வளாகங்களில் இதுவும் இயலாமல் போகலாம்.

தம்மம்பட்டி வட்டாரம்

சேலம் மாவட்டம் கெங்கவல்லி வட்டத்தில் சுவேத நதிக்கரையில் உள்ள தம்மம்பட்டி, மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற பேரூர். தம்மம்பட்டி மரச்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. இங்குள்ள கலைஞர்கள் கடவுள் உருவங்களையும் வாகனங்களையும் கதவுகளையும் செதுக்குகிறார்கள். உத்திரம் மாற்றுவது சிற்ப வேலையன்று. என்றாலும் எந்த மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது, இழை எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த இணைப்பு சுமை தாங்கும் என்ற அறிவு இரண்டுக்கும் பொது. மட்கிய முனையை மட்டும் அறுத்து நீக்கி, புதிய தேக்கை நாக்கும் பள்ளமுமாகப் பொருத்தி, முழு உத்திரத்தையும் காப்பாற்றும் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று சொல்லப்படுவதுண்டு. இந்த வட்டாரத்தில் அந்தக் காரணத்தைச் சொல்வது கடினம்.

இடிப்பது தவிர்க்க முடியாததானால், அதற்குமுன் செய்யத்தக்கவை சில உள்ளன. கட்டடத்தை அளந்து வரைபடம் எடுக்கலாம். ஒவ்வோர் அறையையும் நான்கு பக்கத்திலிருந்தும் படம் எடுக்கலாம். மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைக் கறையானிலிருந்து காத்து மின்னுருவாக்கலாம். மூன்று தலைமுறையின் பெயரும் ஊரும் தந்தையின் தொழிலும் அதில் இருக்கின்றன. பெயர்த்தெடுத்த தேக்கும் ஓடும் வழக்கமாக ஏலத்தில் போகின்றன. நன்கொடையாளர் கல்லுக்கு ஏலத்தில் விலை இல்லை. இடிப்பவர் அதைச் செங்கல் குப்பையோடு வண்டியில் ஏற்றுவதற்கு முன் தனியே எடுத்துவைத்து, புதிய கட்டடத்தின் வாசல் சுவரில் பதிக்க அரைநாள் வேலை போதும்.