ஏரி எங்கே போனது? வரைபடத்தைக் கேளுங்கள்!



அம்பத்தூருக்குப் பக்கத்தில் முகப்பேரில் 'ஏரி ஸ்கீம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே போனால் கண்ணில் படுவது ஏரி அல்ல. வரிசை வரிசையாக வீடுகள்! மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. அந்தச் சாலையில் நின்று பார்த்தால் எந்த ஏரியும் தெரியாது. வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடம்கூட ஒரு காலத்தில் நுங்கம்பாக்கம் ஏரிதான்.

ஏரி போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆனால் மழைத் தண்ணீருக்கு இது தெரியுமா? தெரியாதே! அது பழைய வழியைத் தேடிக்கொண்டு வருகிறது. அந்த வழியை நமக்குக் காட்டிக்கொடுக்கும் ஒரு கெட்டிக்கார வரைபடத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அதன் பெயர் புவியியல் தகவல் அமைப்பு. சுருக்கமாக ஜி.ஐ.எஸ்.

அடுக்கு அடுக்காய் ஒரு வரைபடம்

புத்தகத்தில் உள்ள வரைபடம் ஒரே தாள். ஜி.ஐ.எஸ். வரைபடமோ பல கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போன்றது. ஒரு தாளில் சாலைகள். இன்னொன்றில் ஏரி, குளம், கால்வாய். மூன்றாவதில் வீடுகள். நான்காவதில் நிலத்தின் மேடு பள்ளம். வேண்டிய தாளை மட்டும் வைத்துக்கொண்டு, வேண்டாததை எடுத்துவிடலாம். இதையெல்லாம் கணினி செய்கிறது.

தாள்கள் எப்படிப் பிசகாமல் பொருந்துகின்றன? அட்சரேகை, தீர்க்கரேகை படித்திருப்பீர்களே, அவற்றால்தான். அம்பத்தூரின் முகவரி ஏறத்தாழ வடக்கு 13.11 டிகிரி, கிழக்கு 80.15 டிகிரி. எந்தத் தாளிலும் அந்த எண் அதே இடத்தைத்தான் காட்டும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. வரைபடத்தில் ஒரு கிணறு புள்ளியாக இருக்கும். கால்வாய் கோடாக இருக்கும். ஏரி ஒரு மூடிய வடிவமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அட்டவணை ஒளிந்திருக்கும். கிணற்றைத் தொட்டால், 'ஆழம் இவ்வளவு, தண்ணீர் உப்பா நல்லதா' என்று சொல்லும்!

எங்கள் வகுப்பு வரைந்த படம்

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. அப்போது நான் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி மீண்டும் திறந்தபோது பாதிப் பேரிடம் நோட்டுப் புத்தகம் இல்லை. எல்லாம் நனைந்து கூழாகிவிட்டது. "எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் டீச்சர் இவ்வளவு தண்ணி வந்துச்சு?" என்று ஒரு மாணவி அழுதுகொண்டே கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பகுதியின் தெருப்படத்தைப் பெரிதாக வரைந்தோம். அதன்மேல் டிரேசிங் தாளை வைத்தோம். வீட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தவர்கள் பச்சைப் புள்ளி, முழங்கால் அளவு என்றால் நீலம், இடுப்பளவு என்றால் சிவப்பு வைத்தார்கள்.

ஒரு மாணவனின் தாத்தா, தன் நிலப் பத்திரத்தோடு பழைய கிராம வரைபடத்தின் நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். அதை இன்னொரு தாளில், தெருப்படத்தின் அளவுக்கு ஏற்பப் பெரிதாக்கி வரைந்து, மேலே வைத்தோம். வகுப்பே அமைதியாகிவிட்டது. சிவப்புப் புள்ளிகளில் பெரும்பாலானவை ஒரே கோட்டில் இருந்தன. அது பழைய ஏரியின் உபரிநீர் போன கால்வாய்! அழுத பெண்ணின் வீடு அதன்மேலேயே இருந்தது.

ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் தள்ளி நின்றது. அந்தத் தெருவில் போய்ப் பார்த்தோம். மழைநீர் வடிகாலை பிளாஸ்டிக் குப்பை அடைத்துக்கொண்டிருந்தது. வரைபடம் எங்கே தேட வேண்டும் என்று சொல்லும். ஏன் என்று அறிய நாம்தான் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். நாங்கள் செய்தது தாளில் ஒரு ஜி.ஐ.எஸ். என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது!

அதே வெள்ள நாட்களில் தன்னார்வலர்கள் இணையத்தில் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். தண்ணீர் நிற்கும் தெருக்களைப் பொதுமக்களே அதில் குறித்தார்கள். அதன் பிறகு, சென்னைக்கு வெள்ளம் வருமுன் எச்சரிக்கும் 'சி-ஃப்ளோஸ்' என்ற அமைப்பை விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். அதுவும் ஜி.ஐ.எஸ்.-ஐ அடிப்படையாகக் கொண்டதே.

புள்ளி வைத்த டாக்டர்

1854-ல் லண்டனில் காலரா பரவியது. ஜான் ஸ்னோ என்ற டாக்டர், இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். பெரும்பாலானவை பிராட் தெருவிலிருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே இருந்தன. அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார்.

நம் ஊருக்கும் வரைபட வரலாற்றில் இடமுண்டு. இந்தியாவை அளக்கும் மாபெரும் பணியை வில்லியம் லாம்ப்டன் 1802-ல் தொடங்கியது பரங்கிமலை அருகேதான். கணினியில் வரைபட அடுக்குகளைச் சேர்க்கும் முறையை 1960-களில் உருவாக்கியவர் கனடாவில் பணியாற்றிய ரோஜர் டாம்லின்சன்.

வானத்திலிருந்து ஒரு கண்

ஏரி சுருங்குகிறதா என்பதை எப்படி அறிவது? செயற்கைக்கோள் உதவுகிறது. அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் 1972-ல் பறந்தது. இந்தியா ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்ற தொலையுணர்வுச் செயற்கைக்கோளை 1988-ல் அனுப்பியது. பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், ஏரி இழந்த இடம் பளிச்சென்று தெரியும்.

நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் இந்தச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்யும். தண்ணீர் அந்த ஒளியை விழுங்கிவிடும். படத்தில் கறுப்பாகத் தெரியும். செடிகள் அதைத் திருப்பி அனுப்பும். அவற்றைச் சிவப்பாகக் காட்டுவார்கள். இதில் ஒரு வேடிக்கை! ஏரியை ஆகாயத்தாமரை மூடியிருந்தால், செயற்கைக்கோள் அதைத் 'தோட்டம்' என்று நினைத்துவிடும். அங்கேயும் நேரில் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மேகம் மூடினால் என்ன செய்வது? ரேடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். 2022-ல் இஸ்ரோ அனுப்பிய இ.ஓ.எஸ்.-04 அந்த வகையைச் சேர்ந்தது.

மூன்று ஏரிகள், ஒரே சங்கிலி

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். அங்கிருந்து இரட்டேரிக்கு. நம் முன்னோர் அமைத்த சங்கிலி இது! ஆனால் மழைநீர் போகவேண்டிய கால்வாயில் கழிவுநீர் கலந்தால் என்ன ஆகும்? மேலே உள்ள அழுக்கு கீழே உள்ள ஏரிக்கும் வந்துவிடும். இதனால்தான் கொரட்டூர் ஏரியைக் காக்க அப்பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றார்கள். இப்படிப்பட்ட நேரத்தில், கால்வாய் எங்கே ஓடுகிறது, கழிவு எங்கே சேருகிறது, தண்ணீரைச் சோதித்த இடங்கள் எவை என்று மூன்று தாள்களை அடுக்கினால் போதும். அழுக்கு நுழையும் வாய் எது என்று தெரிந்துவிடும்.

நீங்களும் செய்யலாமே!

மூன்று டிரேசிங் தாள், ஒரு பென்சில், கொஞ்சம் வண்ணம் போதும். முதல் தாளில் உங்கள் தெருக்களை வரையுங்கள். இரண்டாவதில் மரம், கிணறு, வடிகால். மூன்றாவதில் மழைநாளில் தண்ணீர் நிற்கும் இடங்கள். மூன்று தாளிலும் நான்கு மூலைகளில் ஒரே இடத்தில் கூட்டல் குறி போடுங்கள். அப்போதுதான் தாள்கள் சரியாகப் பொருந்தும். பெரியவர் துணையில்லாமல் ஏரி, கால்வாய்ப் பக்கம் போகவே கூடாது, சரியா?

வரைந்து முடித்ததும் தாத்தா பாட்டியிடம் காட்டி, "இங்கே முன்பு என்ன இருந்தது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை நான்காவது தாளில் வரையுங்கள். எந்தச் செயற்கைக்கோளிலும் கிடைக்காத தாள் அது!