ஒரே அம்மியில் அரைத்த மூன்று டெண்டர்

பழவேற்காட்டு முகத்துவாரத்தை மணல் மூடினால் படகு கடலுக்குப் போகாது, ஏரிக்குள் இறாலும் ஏறாது. அதை நிரந்தரமாகத் திறந்துவைக்க 26 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் நேர்கல் சுவர் வேலை அறிவிக்கப்பட்டது பழைய செய்தி. அதையொட்டி அங்கிருந்து ஒரு வாசகர் பொதுவாகக் கேட்கிறார்: "இப்போது டெண்டர் எல்லாம் ஆன்லைன்தானே? ஒரே ஆள் மூன்று கம்பெனிப் பேரில் போட்டால் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குமா?"

கண்டுபிடிக்க முடியும். ஆனால் செயற்கை நுண்ணறிவு முறைகேட்டை மோப்பம் பிடிக்கிறது என்று விளம்பரம் செய்கிறார்களே, அப்படி அல்ல. அடியில் இருப்பது எளிய, அழகான ஒரு கணக்கு.

டெண்டர் போடும் ஒவ்வொரு நிறுவனமும் தடயம் விடுகிறது: பான் எண், முன்வைப்புத் தொகை வந்த வங்கிக் கணக்கு, ஆவணத்தை ஏற்றிய கணினியின் இணைய முகவரி. நிறுவனங்களைப் புள்ளிகளாக வையுங்கள். ஒரு தடயம் பொருந்தினால் இரு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு. முதல் நிறுவனமும் இரண்டாவதும் ஒரே கணினி. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே வங்கிக் கணக்கு. முதல் நிறுவனத்துக்கும் மூன்றாவதற்கும் பொதுவாக எதுவுமே இல்லை. தனித்தனியே ஒப்பிடும் அதிகாரி ஏமாந்துவிடுவார். கணினியோ ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தலைவரை வைக்கிறது. கோடு விழும்போதெல்லாம் இரு கூட்டங்களின் தலைவர்களை ஒருவராக்குகிறது. பிறகு ஒரே கேள்விதான்: "உன் தலைவர் யார்?" பதில் ஒன்றாக வந்தால் குட்டு வெளிப்பட்டது. லட்சம் நிறுவனங்களானாலும் சில விநாடி வேலை.

தனிக்குடித்தனம் போய்விட்டதாகச் சொல்லும் மூன்று அண்ணன் தம்பிகளைப் போல. மூத்தவன் வீட்டு அம்மியில் அரைத்த மசாலா நடுவிலவன் வீட்டுக் குழம்பில். நடுவிலவன் வீட்டுக் குழம்பு இளையவன் சட்டியில். மூத்தவனும் இளையவனும் பேசிக்கொள்வதே இல்லை. ஆனால் காரத்தைப் பிடித்துக்கொண்டே போனால் அம்மிக்கு வந்துவிடலாம். 

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்னும் மீன்பிடி உரிமை யாருக்கு என்பதை முகம் தெரிந்த ஊர்க்காரர்களே முடிவு செய்கிறார்கள். இணையதளத்துக்கு முகம் தெரியாது, ஒட்டு உறவு மட்டும்தான் தெரியும். அங்கேதான் சிக்கல். பொன்னேரியில் ஒரே பிரவுசிங் சென்டரிலிருந்து சம்பந்தமே இல்லாத இரண்டு சின்ன ஒப்பந்ததாரர்கள் டெண்டர் ஏற்றினாலும் முகவரி ஒன்றுதான். செல்போன் நிறுவனங்களும் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே இணைய முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. ஒரு கோட்டை நம்பி ஒருவரைத் திருடர் என்பது அநியாயம்.

  

அதற்காகக் கோடே போடாமல் இருக்கவும் கூடாது; அதற்குச் சத்தீஸ்கர்தான் கவனிக்கவேண்டிய பாடம். 2019 ஜனவரியில் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, 74 கணினிகளைச் சுட்டிக்காட்டியது: அதிகாரிகள் டெண்டரை ஏற்றிய அதே கணினிகளிலிருந்தே ஒப்பந்ததாரர்களும் விலைப்புள்ளி கொடுத்திருந்தார்கள். 1,921 டெண்டர்கள், 4,601 கோடி ரூபாய். தடயங்கள் மொத்தமும் அரசின் சர்வரிலேயே இருந்தன; கோடு போட்டுப் பார்க்கத்தான் தணிக்கையாளர் வரவேண்டியிருந்தது. பெரிய விலை கொடுத்து வாங்கும் மென்பொருளைவிட, இருக்கிற பதிவேட்டைப் பார்க்கும் மனசு முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

கணினி சொன்னதே தீர்ப்பும் ஆகாது. ஒரு நிறுவனத்தைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்குமுன், அந்தத் தண்டனை உத்தேசிக்கப்படுகிறது என்று தெளிவாக நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்கவேண்டும் என்று 2014-இல் கூர்க்கா செக்யூரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி கேட்ட வாசகர் தாமும் கோடு போட்டுப் பார்க்கலாம். உங்கள் வட்டாரத்து வேலைகளின் டெண்டர் முடிவுகளை மாநில அரசின் டெண்டர் தளத்தில் எடுத்து, ஜெயித்தவரை விட்டுவிட்டுத் தோற்றவர்களின் பெயர்களை மட்டும் எழுதிவாருங்கள். எந்த இருவர் எப்போதும் சேர்ந்தே தோற்கிறார்கள் என்று பாருங்கள்.