பரணில் கிடக்கும் மடிக்கணினி

நம் மாநிலத்தில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் பயின்ற மாணவ மாணவியர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கப்பட்டது. அன்று அதைப் பெற்ற பிள்ளைகள் இன்று படிப்பை முடித்து வேலைக்குச் சென்றுவிட்டனர். சிலர் தம் குழந்தைகளையே பள்ளியில் சேர்த்துவிட்டனர். அவர்கள் பெற்ற மடிக்கணினியோ வீட்டுப் பரணில், பித்தளை அண்டாவுக்கும் பழைய பாய்க்கும் நடுவே, துணிப்பையில் சுற்றிக் கிடக்கிறது. கேட்டால், "அது ஓடாது" என்று வீட்டார் கூறுகின்றனர். ஊராட்சி அலுவலகங்களிலும், முன்னொரு காலத்தில் வாங்கிய கணினி ஒன்று அலமாரியின் மேல் தூசி படிந்து இருப்பதை ஆய்வுக்குச் செல்லும் போதெல்லாம் காண்கிறேன்.

ஓடாத மோட்டாரை எந்த உழவரும் உடனே எடைக்குப் போட்டுவிடுவதில்லை. புட்வால்வு காற்று இழுக்கிறதா, கெப்பாசிட்டர் போயிற்றா, காயில் கருகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பின்பே முடிவு செய்கிறார். மடிக்கணினிக்கும் அந்த நியாயத்தை நாம் அளிக்க வேண்டும். பொதுப் பணத்தில் புதியது வாங்கத் தீர்மானம் நிறைவேற்றுமுன், இருப்பதைச் செப்பனிட முடியுமா என்று ஒரு நாள் செலவிட்டுப் பார்ப்பது ஊராட்சி மன்ற உறுப்பினர்களின் கடமையாகும். அதற்கான முறையைத்தான் இங்கே கூற முற்படுகிறேன்.

அதற்கு முன் ஒரு செய்தி. 2019ஆம் ஆண்டில், நான் பணியாற்றிய வட்டாரத்தில் ஓர் ஊராட்சியின் கணினி மிகவும் மந்தமாகிவிட்டது. ஊராட்சிச் செயலர் அதை நகரத்துக் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றார். "எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுத் தரட்டுமா?" என்று கடைக்காரர் கேட்டார். "போடுங்கள்" என்றார் இவர். மறுநாள் காலை அலுவலகத்தில் திறந்து பார்த்தபோது கணினி புத்தம் புதிதாக ஓடியது. ஆறு ஆண்டு வீட்டு வரிக் கேட்புப் பட்டியலும் குடிநீர் இணைப்புப் பட்டியலும் மட்டும் அதில் இல்லை. கடைக்காரரைக் குறை கூற முடியாது. அவர் கேட்டுத்தான் செய்தார். இருவரும் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் கொண்டுவிட்டனர். இதில் என் பங்கும் உண்டு. அந்த அலுவலகத்தை நான் மூன்று முறை ஆய்வு செய்திருக்கிறேன், ரொக்கப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த நான், "இந்தக் கணினியில் உள்ளதற்கு நகல் எங்கே?" என்று ஒருமுறை கூடக் கேட்டதில்லை.

ஆகவே முதல் வேலை, கணினிக்கு உயிர் கொடுத்து அதிலுள்ளதை நகல் எடுப்பதே. மற்றவை அதன் பின்னரே.

உயிர் கொடுப்பது எப்படி?

பேட்டரியிலிருந்து தொடங்குவோம். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் பேட்டரி அடிப்புறத்தில் தனியாகக் கழற்றும்படி இருக்கும். அதைக் கழற்றிச் சமதளமான மேசைமீது வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி உப்பியிருந்தால் அதை மீண்டும் மாட்டவே கூடாது. இவ்வகைப் பேட்டரி லித்தியம் அயனி வகையைச் சேர்ந்தது. உப்பியதை அழுத்தினாலும் ஆணியால் குத்தினாலும் தீப்பிடிக்கும். வைக்கோற்போருக்கும் கூரைக்கும் எட்டாத இடத்தில், உலர்ந்த மணல் நிரப்பிய இரும்பு வாளியில் வைத்து, மின்னணுக் கழிவு சேகரிக்க அனுமதி பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். குப்பையோடு எரிப்பது பெருந்தவறு. பேட்டரி உள்ளே பொருத்தப்பட்ட மாதிரியாக இருந்து, விசைப்பலகையோ அடிமூடியோ மேடிட்டிருந்தால், மின் இணைப்புக் கொடுக்காமல் அப்படியே பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள்.

பேட்டரி இல்லாமலும் பெரும்பாலான மடிக்கணினிகள் சார்ஜரைக் கொண்டே இயங்கும் என்பதைப் பலர் அறியார். ஆனால் மின்சாரம் நின்ற அக்கணமே கணினியும் நின்றுவிடும். தட்டச்சு செய்து சேமிக்காதது போய்விடும்.

சார்ஜர் தொலைந்திருந்தால், கைக்குக் கிடைத்ததைச் செருகிப் பார்த்தல் கூடாது. கணினியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அக்காலத்து மடிக்கணினிகள் பெரும்பாலும் 19 வோல்ட் அளவில் இயங்குபவை. வோல்ட் அளவு சரியாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறைவாக இருத்தல் ஆகாது. செருகுமுனையும் அதே மாதிரிக்கு உரியதாக இருக்க வேண்டும்.

கணினி ஓடத் தொடங்கியதும் அதில் தெரியும் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்தங்கிய தேதி தெரிந்தால், உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் மின்கலமே. கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையிலும் கிடைக்கும். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் தேதி தவறாக இருந்தால் பட்டா பார்க்கும் தளம், வங்கித் தளம் போன்ற பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். அத்தளங்கள் காட்டும் சான்றிதழ் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று எழுதப்பட்டது. 2011 என்று நம்பிக்கொண்டிருக்கும் கணினிக்கு அது இன்னும் பிறவாத சான்றிதழ். "இணையம் வரவில்லை" என்று கைவிடப்பட்ட கணினி ஒன்றில் உண்மைக் குறை இதுவாகவே இருந்தது.

இப்போது நகல் எடுங்கள். ஆவணங்கள், படங்கள், மேசைத்திரையில் போட்டு வைத்தவை ஆகிய எல்லாவற்றையும் இரண்டு தனித்தனிச் சாதனங்களில் எடுத்து, வேறொரு கணினியில் அவை திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஹார்டு டிஸ்கிலிருந்து "டிக், டிக்" என்று ஓசை எழுந்தால், அது அழியும் தறுவாயில் இருக்கிறது. கணினியை நிறுத்தி, தகவல் மீட்கத் தெரிந்தவரிடம் தாருங்கள்.

வேகம் ஏன் குறைகிறது?

அறுவடைக் காலத்தை எண்ணிப் பாருங்கள். நெல்லைச் சேமிக்கும் இடம் குதிர். அடித்துத் தூற்றும் இடம் களம். களம் சிறிதாக இருந்தால் கட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து அடித்து, மிச்சத்தைத் திரும்ப எடுத்துச் சென்று வைக்க வேண்டும். வேலை ஆட்கள் அடிப்பதைவிடச் சுமப்பதிலேயே பொழுதைக் கழிப்பர். கணினியில் குதிர் என்பது ஹார்டு டிஸ்க். களம் என்பது ராம் என்னும் நினைவகம். அன்றைய மடிக்கணினிகளில் 2 ஜி.பி. நினைவகமே பெரிதும் காணப்பட்டது. இன்றைய இணையப் பக்கங்களுக்கு அந்தக் களம் போதாது. அதனால் கணினி ஓயாமல் குதிருக்கும் களத்துக்கும் சுமந்துகொண்டே இருக்கிறது. அதன் ஹார்டு டிஸ்கோ சுழலும் தட்டு. விரும்பிய இடம் சுழன்று வரும்வரை காத்திருந்து எடுப்பது.

எனவே செய்ய வேண்டியவை இரண்டு. களத்தை 4 ஜி.பி. அளவுக்கேனும் விரிவாக்குவது ஒன்று. சுழலும் தட்டுக்குப் பதிலாக, அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. பொருத்துவது மற்றொன்று. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், முதலில் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள் என்பேன். இரண்டரை அங்குல சாட்டா வகை என்று கேட்டு வாங்க வேண்டும். நினைவகம் வாங்கச் செல்கையில் பழைய அட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டு செல்வது நலம். டி.டி.ஆர். 3 என்னும் வகையிலேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என இரு பிரிவுகள் உண்டு. மாறி வாங்கினால் சில கணினிகள் ஏற்பதில்லை. மூடியைத் திறந்த கையோடு விசிறியிலும் காற்றுத் துளையிலும் அடைந்துள்ள தூசியைத் தூரிகையால் அகற்றிவிடுங்கள். ஒரு முறை விசிறியின் இடுக்கில் பல்லி முட்டை இருக்கக் கண்டேன்.

எந்த இயங்குதளம்?

இயந்திரம் சீராகிவிட்டது, அதை நடத்தும் இயங்குதளத்தைப் பற்றி இனிக் கூறுகிறேன். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்களை அதன் நிறுவனம் 2020 ஜனவரி 14ஆம் நாளுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11 இத்தகைய பழைய கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. வேலி பழுதானால் அடைக்க ஆளில்லாத தோட்டத்தைப் போன்றது, திருத்தம் நின்றுபோன இயங்குதளம். இன்று ஆடு நுழையாதிருக்கலாம், நுழைந்தால் தடுப்பாரில்லை.

ஆதலால் லினக்ஸ் வகையைச் சேர்ந்த, விலையின்றிக் கிடைக்கும் இயங்குதளம் ஒன்றை நிறுவுவதே தக்கது. விலையில்லா மடிக்கணினிகளோடு வந்த பாஸ் என்னும் இயங்குதளமும் இவ்வகையே. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. இன்று லினக்ஸ் மின்ட் என்பதன் எக்ஸ்.எப்.சி.ஈ. பதிப்பு நம் தேவைக்கு ஏற்றது. அதற்குக் குறைந்தது 2 ஜி.பி. நினைவகம் வேண்டும், 4 இருந்தால் தாராளமாக ஓடும். அதைவிட மெலிந்த கணினிக்கு லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் முதலியன உள்ளன.

நல்ல கணினி ஒன்றின் உதவியால் 8 ஜி.பி. பென் டிரைவில் இதை ஏற்றிக்கொண்டு, பழைய கணினியில் செருகி, விசையை இயக்கியவுடன் எப்12 பொத்தானைத் தட்ட வேண்டும். சில நிறுவனங்களின் கணினிகளுக்கு எப்9. வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், ஹார்டு டிஸ்கைத் தொடாமலேயே புதிய இயங்குதளம் திரையில் தோன்றும். விதை நெல்லை முளைப்புத் திறன் பார்ப்பதுபோல, இந்நிலையிலேயே ஒலி, வைபை, விசைப்பலகை யாவும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். திருப்தியானால் மட்டும் நிறுவும்படி கட்டளையிடுங்கள். இடையில் "வட்டை அழித்துவிட்டு நிறுவுக" என்ற பொருளில் ஒரு வாசகம் வரும். 2019இல் அந்த ஊராட்சியின் ஆறு ஆண்டுப் பட்டியல் அழிந்ததும் இத்தகைய ஒரு வாசகத்துக்கு ஒப்புதல் தந்த போதுதான். நகல் இரண்டும் கையில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அதை அழுத்த வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்வது பற்றிப் பலர் ஐயம் கொள்கின்றனர். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகை, லினக்ஸிலும் உண்டு. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்த இம்முறையைச் சில நாள் முயற்சியிலேயே பழகிவிடலாம். பட்டியலில் டாப், டிஸ்கி என்ற பெயர்கள் ஒட்டியவற்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவை யூனிகோடு அல்லாத குறியீட்டு முறைகள். இதே காரணத்தால்தான், வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தீர்மானங்களைப் புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளுமாகத் தெரிகின்றன. அவை கெட்டுப்போகவில்லை. அந்த எழுத்துருவையும் சேர்த்து நகல் எடுத்துவைத்து, எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் மீண்டும் படிக்கலாம்.

எதற்குப் பயன்படும்?

கடிதம், தீர்மானம், கணக்குப் பட்டியல் ஆகியவற்றுக்கு லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பு போதும். நூலகத்தில் வைத்தால், பட்டா, சிட்டா விவரம் பார்க்கலாம். வானிலை மையத்தின் அறிவிப்பைக் காணலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளத்தில் பயிர் நோய்க் குறிப்புகளைப் பெரிய திரையில் படிக்கலாம். கைப்பேசியின் இணைய இணைப்பையே கணினிக்கும் பகிரலாம். ஆனால் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் செலுத்த உதவும் மின்னொப்பச் சாதனத்தை இதில் செருக வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வேலையை அதற்கென்று ஒதுக்கிய, ஆதரவுள்ள கணினியில் மட்டுமே செய்க.

மின்னல் வெட்டும்போது சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுதல், மெத்தைமீது வைத்துக் காற்றுத் துளையை அடைக்காதிருத்தல், வேலை முடிந்ததும் முறைப்படி அணைத்தல் ஆகியவை தெரிந்தவையே.

மாணவர் பெற்ற மடிக்கணினி அவருடைய உடைமை. அதை ஊர் நூலகத்துக்கு அவர் மனமுவந்து தந்தால், அவருடைய படங்களையும் கடிதங்களையும் அவரிடமே கொடுத்து, அவர் கண்ணெதிரே அழித்து, மன்றத்தில் தீர்மானம் இயற்றி, இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணுடன் ஏற்ற வேண்டும். பொறுப்பாளர் ஒருவர் பெயரையும் அதில் குறிக்க வேண்டும். எல்லார்க்கும் பொதுவானது என்று விட்டால், அது மறுபடியும் அலமாரியின் மேல் ஏறிவிடும்.

முன்னர்க் கூறிய ஊராட்சியில், வரி இரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை வைத்துக்கொண்டு, செயலரும் மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு பெண்ணும் மூன்று வாரம் உட்கார்ந்து வீட்டு வரிப் பட்டியலை மீண்டும் எழுதினர். குடிநீர் இணைப்புப் பட்டியலுக்குத் தெருத்தெருவாகச் சென்று குழாய்களை எண்ண நேர்ந்தது. இப்போது அக்கணினியின் மூடியில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நகல் எடுத்த தேதியை எழுதிச் செயலர் அதில் கையொப்பம் இடுகிறார். ஆய்வுக்குச் செல்லும்போது ரொக்கப் புத்தகத்துக்கு முன்பாக அந்தத் தாளைத்தான் நான் பார்க்கிறேன்.