லூயிஸ் தீவின் சதுப்புவெளி

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்துள்ளது லூயிஸ் தீவு. அதன் தலைநகர் ஸ்டோர்னோவேயை விட்டு உட்பகுதிக்குச் சென்றால், மரங்களற்ற பழுப்பு நிறச் சதுப்புவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். ‘இங்கே காண்பதற்கு என்ன இருக்கிறது?’ என்று புதிதாக வருவோர் வினவக்கூடும். குனிந்து நோக்குவோர்க்கே அந்நிலம் விடை பகரும்.

காலடியில் மெத்தையென விரிந்திருப்பது ஸ்பேக்னம் என்னும் பாசி. தன் எடையினும் பன்மடங்கு நீரை அது தேக்கி வைக்கும். அந்த நீரில் அமிலத்தன்மை மிகுதி, பிராணவாயு குறைவு. ஆதலால் மடிந்த செடிகள் முற்றிலும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து, ‘பீட்’ எனும் கரிய மண்ணாகின்றன. அது ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டரே வளரும். அதாவது, 1 மீட்டர் ஆழத்திற்கு ஏறத்தாழ 1000 ஆண்டுகள்! தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாக இதனை வெட்டி உலர்த்தி அடுப்பெரித்து வந்தனர்.

இம்மண்ணில் சத்துக் குறைவு. எனவே, பள்ளிப் பாடநூல்களில் நாம் படித்த டிரோசிரா என்னும் சிறு செடி, தன் இலைகளில் பனித்துளி போல் மின்னும் பசையினால் பூச்சிகளைப் பிடித்து உண்டு வாழ்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் ஹெதர் புதர்கள் பூத்து வெளியெங்கும் ஊதா நிறம் போர்த்தும்.

பறவைகளைக் காணப் பொறுமை வேண்டும். பொன்னிற உப்புக்கொத்தி, கூட்டருகே பகை வரின் அடிபட்டது போல் நடித்து அதனை வேறு திசைக்கு இழுத்துச் செல்லும். செந்தொண்டை முக்குளிப்பானுக்குக் கால்கள் உடலின் பின்புறம் அமைந்திருப்பதால் நிலத்தில் நடப்பது அரிது. அது குட்டையின் விளிம்பிலேயே கூடமைத்து, இரை தேடிக் கடலுக்குப் பறக்கிறது. மேலே பொன்னிறக் கழுகு வட்டமிடும்.

இவ்வெளியில் 181 காற்றாலைகள் நிறுவ ஒரு பெருந்திட்டம் தீட்டப்பட்டது. மின்சாரமும் வேலைவாய்ப்பும் கிட்டும் என்றனர் ஒரு சாரார். பறவைகளும் பீட் மண்ணும் அழியும் என்றனர் மறுசாரார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. இறுதியில், பறவைகளுக்கெனச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற நிலம் என்பதால், ஸ்காட்லாந்து அரசு 2008 ஏப்ரலில் அத்திட்டத்தை நிராகரித்தது.

வெற்று நிலம் என்று வெளியார் கருதியதை அங்கு வாழ்வோர் அவ்வாறு கருதியதில்லை. அவர்களின் கேலிக் மொழியில், இந்தச் சதுப்புவெளியின் மேடு, பள்ளம், ஓடை, சேறு ஆகியவற்றின் நுண்ணிய வேறுபாடுகளைக் குறிக்க நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு.

இவ்வெளியைக் காணச் செல்வோர், பறவைகள் முட்டையிடும் வசந்த, கோடை மாதங்களில் பாதையை விட்டு விலகாதிருத்தல் நலம். கூட்டை நெருங்காமல், தொலைவில் அமர்ந்து தொலைநோக்கி வழியே காண்பதே அவ்வுயிர்களுக்கு நாம் காட்டும் மரியாதை.