தூசி கக்கும் ஜோடி நட்சத்திரங்கள்!

தேனிக்கு வடக்கே, மலைமேல் இருக்கிறது கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையம். 1960-ல் அதன் தலைமையை ஏற்றவர் வைணு பாப்பு. "உல்ப்-ராயே" என்ற ராட்சத நட்சத்திரங்களை ஆராய்ந்தவர் அவர்.

அவை கடும் வெப்பமானவை. அந்தச் சூட்டில் தூசி உண்டாகுமா? ஜோடி சேர்ந்தால் உண்டாகும்!

"டபிள்யூ.ஆர். 140" அப்படி ஒரு ஜோடி. சுமார் 8 ஆண்டுக்கு ஒருமுறை இரண்டும் நெருங்கும். அப்போது இரண்டின் காற்றும் மோதி அமுங்கும், பிறகு குளிரும். கரித்தூசி பிறக்கும்!

கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசியை அகச்சிவப்புக் கதிர் காட்டிக் கொடுக்கும். 2022-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி படம் பிடித்தது. 17 வளையங்களுக்குக் குறையவில்லை. 130 ஆண்டுக் கணக்கு!

கம்பம் திராட்சையில் உள்ள கரியும் என்றோ நட்சத்திரங்களில் பிறந்ததுதான். அதில் இத்தகைய ஜோடிகளின் பங்கு எவ்வளவு? அதைத்தான் விஞ்ஞானிகள் தேடுகிறார்கள்.