அடைப்பு நீங்கிய பின் கால் புண் ஆறுமா? முன்கூட்டியே கணிக்க உதவும் அளவீடுகள்

கொழிஞ்சாம்பாறை: காலில் உள்ள ரத்தக்குழாய் அடைப்பை நீக்கிவிட்டால் புண் தானாகவே ஆறிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால், முழங்காலுக்குக் கீழுள்ள தமனிகளில் ஆஞ்சியோபிளாஸ்டி அல்லது பைபாஸ் சிகிச்சை பெற்ற அனைவருக்கும் புண் ஆறுவதில்லை. யாருக்கு ஆறும், யாருக்கு மறு சிகிச்சை தேவைப்படும் என்பதைக் கணிக்கச் சில அளவீடுகள் உதவுகின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. கேரளத்தில் இது 25.5 சதவீதமாகப் பதிவானது. தமிழர்கள் அதிகம் வாழும் கொழிஞ்சாம்பாறை போன்ற எல்லைப்புற வேளாண் பகுதிகளில் இருந்து, ரத்தக்குழாய் சிகிச்சைக்காகப் பாலக்காடு, கோயம்புத்தூர் போன்ற நகரங்களுக்கே செல்ல வேண்டியுள்ளது. எனவே, சிகிச்சைக்குப் பின் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை நோயாளியும் குடும்பத்தினரும் அறிந்திருப்பது அவசியமாகிறது.

கணுக்கால் அளவு மட்டும் போதாது

கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவதே முதல் பரிசோதனை. இந்த விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருப்பதாகக் கருதப்படும். ஆனால், நீண்டகால நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்குத் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து இறுகிவிடுவதால், அடைப்பு இருந்தும் விகிதம் இயல்பாகத் தோன்றக்கூடும்.

அத்தகையோருக்குக் கால் விரலின் ரத்த அழுத்தமும், தோல் வழியே அளக்கப்படும் ஆக்சிஜன் அளவும் கூடுதல் தெளிவைத் தருகின்றன. விரல் அழுத்தம் 30 மி.மீ. பாதரச அளவோ அதற்கு மேலோ, தோல் ஆக்சிஜன் 25 மி.மீ. அளவோ அதற்கு மேலோ இருந்தால் புண் ஆறும் வாய்ப்பு அதிகரிப்பதாக நீரிழிவுப் பாதம் குறித்த சர்வதேச பணிக்குழு கூறுகிறது. சிகிச்சைக்குப் பிறகு தோல் ஆக்சிஜன் உடனே உயர்ந்துவிடாது. சில வாரங்களில் படிப்படியாகவே உயரும். ஆகவே, மறுநாள் எடுத்த ஓர் அளவை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது.

புண்ணின் ஆழமும் தொற்றும்

ரத்த ஓட்டம் சீரானாலும் எலும்பு வரை சென்ற புண்ணோ, கடும் தொற்றோ இருந்தால் ஆறுவது தாமதமாகும். இதனால், புண், ரத்த ஓட்டக் குறைவு, தொற்று ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக 0 முதல் 3 வரை மதிப்பெண் தரும் முறையை அமெரிக்க ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைச் சங்கம் 2014-ல் வெளியிட்டது. மதிப்பெண் கூடக் கூட, காலை இழக்கும் அபாயமும் கூடும். டயாலிசிஸ், புகைப்பழக்கம், ஊட்டச்சத்துக் குறைபாடு, நடமாட்டமின்மை ஆகியவையும் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

எந்தத் தமனி திறக்கப்பட்டது?

முழங்காலுக்குக் கீழே மூன்று முக்கியத் தமனிகள் உள்ளன. பாதத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் குறிப்பிட்ட தமனி ரத்தம் அளிக்கிறது என்ற கருத்தை ஆஸ்திரேலிய அறுவை சிகிச்சை நிபுணர் இயன் டெய்லர் 1987-ல் விளக்கினார். இயன்றவரை புண் உள்ள பகுதிக்கு நேரடியாக ரத்தம் செல்லும் தமனியைத் திறக்க மருத்துவர்கள் முயல்வது இதனால்தான். எனினும், இந்தச் சிறு தமனிகள் சில மாதங்களிலேயே மீண்டும் சுருங்கக்கூடும்.

நான்காவது வாரம் முக்கியம்

நீரிழிவுப் பாதப் புண்ணின் பரப்பு 4 வாரங்களில் பாதியாகக் குறைந்தால், 12 வாரங்களில் முழுமையாக ஆறும் வாய்ப்பு அதிகம். அவ்வாறு குறையாவிட்டால் கட்டு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், ரத்த ஓட்டத்தையும் தொற்றையும் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். புண்ணை வாரந்தோறும் ஒரே கோணத்தில், அருகில் அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுத்து மருத்துவரிடம் காட்டினால் மாற்றம் தெளிவாகத் தெரியும். விரல் கறுத்தல், துர்நாற்றம், காய்ச்சல், படுத்திருக்கும்போதும் தீராத வலி ஆகியவை தோன்றினால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.